பியூனஸ் அயர்ஸில் இன்றைய டாங்கோ: நேரில் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

தெற்குக்காற்று:

டாங்கோ என்றதும் இங்கே பேச்சு நடனத்துக்குப் போய்விடுகிறது. சிவப்பு உடை, பல்லில் ரோஜா, சட்டென்று பின்னால் சாயும் பெண். இசையைப் பற்றிப் பேசினாலும் பாடகர் கார்தெல், இசையமைப்பாளர் பியாசோலா என்று இரண்டு பெயரோடு முடிந்துவிடும். கார்தெல் 1935இல் விமான விபத்தில் இறந்தார், பியாசோலா 1992இல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் வாசிக்கவே இல்லையா என்ன?

வேலை விஷயமாக பியூனஸ் அயர்ஸ் போயிருந்தபோது ஒரு புதன்கிழமை இரவு அபாஸ்தோ பகுதியில் இருக்கும் ஃபெர்னாண்டஸ் ஃபியெரோ கிளப்புக்குப் போனேன். கார்தெல் வளர்ந்த பேட்டை அது. பழைய காய்கறி மொத்தச் சந்தை இன்று ஷாப்பிங் மால் ஆகிவிட்டது. அதிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாத ஒரு கட்டடம். முன்பு வண்டிப் பட்டறையாக இருந்த இடம். உயரமான கூரை, மர மேசைகள், கையில் பீரும் எம்பனாடாவுமாக இருபது முப்பது வயதுக்காரர்கள். டாங்கோ கேட்க வந்த கூட்டம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

விளக்கு அணைந்தது. முன்வரிசையில் நான்கு பந்தோனியோன்கள் (பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் துருத்திப் பெட்டி), பின்னால் வயலின்கள், வயோலா, செல்லோ, ஓரத்தில் பியானோ, டபுள் பேஸ். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆரம்பிக்கவில்லை, மொத்தமாக வந்து விழுந்தார்கள். நான் உட்கார்ந்தது மேடையின் ஓரத்தில், பந்தோனியோன்காரருக்கு மிக அருகில். தொடையில் ஒரு துணியை விரித்து அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார். துருத்தியை விரிக்கும்போது ஒரு நீண்ட வரி. அது முடிந்ததும் வலது கட்டைவிரலால் காற்றுக் கட்டையை அழுத்தி, 'ஹ்ஹ்' என்று ஒரு மூச்சோடு துருத்தியை மூடுவார், அடுத்த வரி. பொத்தான்கள் மரத்தில் படும் 'டக் டக்' கூடக் கேட்டது. இவ்வளவு வருஷமாக ஹெட்போனில் கேட்ட எந்த ஒலிப்பதிவிலும் அந்த மூச்சு எனக்குக் கிடைத்ததில்லை.

குழுவின் பெயரும் ஃபெர்னாண்டஸ் ஃபியெரோதான், 2001இல் உருவானது. அர்ஜென்டினாவில் வங்கிக் கணக்குகள் முடங்கி அரசு கவிழ்ந்த ஆண்டு. தொடக்கத்தில் பியானோவைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்து சான் தெல்மோவின் தெஃபென்சா தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தார்கள். மேலாளர், முதலாளி யாரும் கிடையாது, கூட்டுறவு முறையில் தாங்களே நடத்திக்கொள்கிறார்கள். 2004இல் இந்த இடத்தைத் தங்கள் சொந்த மேடையாக ஆக்கிக்கொண்டார்கள்.

இது புதுப்பிக்கப்பட்ட பழைய பொருள் இல்லை. கணினி தாளத்தின்மேல் பந்தோனியோன் ஒட்டிய எலக்ட்ரானிக் டாங்கோவும் இல்லை. 1940களின் அதே வாத்தியக் கூட்டணிதான், இன்றைய கோபத்தோடு வாசிக்கிறார்கள். நேரில் கேட்ட மற்றவர்கள் இருந்தால் எழுதுங்கள். வேறெந்தக் குழுக்களைத் தேட வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

---

பழைய ரெக்கார்ட்:

நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டாங்கோவின் பொற்காலம் 1935 முதல் 1955 வரை. அந்த இருபது வருஷத்தில் ஒவ்வொரு இசைக்குழுவுக்கும் ஒரு முகம் இருந்தது. முதல் நான்கு சுரத்திலேயே இது தி சார்லி, இது த்ரொய்லோ என்று சொல்லிவிடலாம். 1935இல் ரொதோல்ஃபோ பியாகி என்ற பியானோ கலைஞர் தரியென்சோவின் குழுவில் சேர்ந்தார். வெட்டி வெட்டி வாசிக்கும் அவருடைய விரல் ஒன்றே ஊரையே மறுபடி ஆடுகளத்துக்கு இழுத்து வந்தது. வானொலி, கிளப், திருவிழா என்று வாரம் முழுக்க வாசித்து வாசித்து ஏறிய கை அது. இன்றைக்கு வாரம் ஒரு கச்சேரி செய்யும் குழுவுக்கு அந்த நெருக்கம் எப்படி வரும்?

நீங்கள் சொன்ன ஃபெர்னாண்டஸ் ஃபியெரோவை யூடியூபில் கேட்டேன். சத்தம் அதிகம். பழைய குழுத் தலைவர் புக்லியேசேயின் நிழல் தெரிகிறது, ஆனால் அவருடைய மௌனங்கள் இல்லை. புக்லியேசே ஒரு வரியின் நடுவே எல்லோரையும் நிறுத்தி மெல்ல இறக்குவாரே, அது எங்கே?

---

நாலுதந்தி:

புக்லியேசே பேச்சு வந்ததால் நானும் உள்ளே வருகிறேன். கர்நாடக வயலின் கற்று, பிறகு மேற்கத்திய வயலினுக்குப் போனவள் நான். இப்போது ஒரு சிறு டாங்கோ குழுவில் வாசிக்கிறேன்.

முதலில் என்னைத் திணற வைத்தது மிருதங்கம் இல்லாததுதான். டாங்கோ குழுவில் தாளவாத்தியமே கிடையாது. அப்படியானால் அந்த அடி எங்கிருந்து வருகிறது? எல்லோருமே தாளவாத்தியக்காரர்கள், அதுதான் விடை. பியானோவின் இடது கையும் டபுள் பேஸும் சேர்ந்து அடியைப் போடுகின்றன. அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கீழேயிருந்து இழுத்துக்கொண்டு வந்து அடியில் கொட்டுவார்கள். அதற்கு அரஸ்த்ரே என்று பெயர். இதை எவ்வளவு முன்னால் தொடங்குவது, எவ்வளவு கனமாக இழுப்பது என்பதைத் தாளில் எழுதவே முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால்தான் பிடிபடும்.

புக்லியேசேயின் 'லா யும்பா' அந்த இழுப்பை அப்படியே பாட்டாக்கியது. ஒன்றாம், மூன்றாம் அடிகளில் குழு முழுவதும் இழுத்து இறங்கும். இரண்டிலும் நான்கிலும் பியானோவின் அடித்தளத்தில் ஒரு மங்கலான குத்து. 1946இல் பதிவான இசை அது, இன்றைய இளம் குழுக்களின் பாதி இலக்கணம் அதற்குள் இருக்கிறது.

வயலின்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குப் பின்பக்கம், தந்தியின் முனையில் நூல் சுற்றியிருக்கும் இடத்தில் வில்லை அழுத்தித் தேய்ப்போம். சுரமே வராது, மழைக்குப் பிறகு சில்வண்டு கத்துவது போல் 'கிர்ர்க் கிர்ர்க்' என்று வரும். சிச்சாரா என்பார்கள். முதல் தடவை என் ஆசிரியர் அதைச் செய்யச் சொன்னபோது நல்ல வயலினை இப்படிச் செய்யலாமா என்று கை நடுங்கியது. இப்போது குழுவில் அதற்கு ஒரு தனி உற்சாகமே இருக்கிறது. இசைப்பதிவில் இது எங்கோ பின்னால் கேட்கும். நேரில் கேட்டால் முதுகில் ஏறும்.

ரெக்கார்ட் ஐயா, மௌனங்கள் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூடியூபில் ஃபியெரோவைக் கேட்டு மௌனம் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம். செல்பேசியில் எடுத்த காணொளியில் மெல்லிய ஒலி எல்லாம் நசுங்கிப்போகும்.

---

தெற்குக்காற்று:

நாலுதந்தி சொன்ன 'தாளில் எழுத முடியாது' என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுகிறது. ரெக்கார்ட் ஐயா கேட்ட கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

1955இல் அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் பெரிய குழுக்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடிய கிளப்புகள் குறைந்துகொண்டே வந்தன. ராக் அண்டு ரோல் வந்தது, இளைஞர்கள் அந்தப் பக்கம் போனார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள் நால்வராக, மூவராகச் சுருங்கின. 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி, நாலு பேர் கூடுவதே ஆபத்து. 1990களில் பந்தோனியோனைக் கையில் எடுத்த இருபது வயதுப் பையனுக்குத் தாத்தா வயதில் வாத்தியக்காரர்கள் இருந்தார்கள், அப்பா வயதில் பெரும்பாலும் யாரும் இல்லை. நடுவில் ஒரு தலைமுறையே காணோம்.

அந்த இடைவெளியை எப்படித் தைத்தார்கள் என்று தேடியபோதுதான் 'எமிலியோ பல்கார்சே டாங்கோ பள்ளி இசைக்குழு' பற்றித் தெரிந்தது. 2000இல் தொடங்கியது. எல் அர்ராங்கே என்ற டாங்கோ குழுவின் டபுள் பேஸ் கலைஞர் இக்னாசியோ வர்சாவ்ஸ்கி எடுத்த முயற்சி. குழுவை நடத்த அவர்கள் அழைத்தது எமிலியோ பல்கார்சேயை. புக்லியேசேயின் குழுவில் வயலின் வாசித்தவர், இசை அமைத்துக் கொடுத்தவர், 'லா போர்தோனா' அவருடைய படைப்பு. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஓய்விலிருந்து திரும்பி வந்தார். முறை எளிது. இளைஞர்கள் பழைய குழுக்களின் இசைத்தாள்களை அப்படியே எடுத்து வாசிப்பார்கள். அந்தந்தக் குழுவில் அன்றைக்கு வாசித்த முதியவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, 'இங்கே தாளில் இருப்பதை வாசிக்காதே, நாங்கள் இப்படித்தான் வாசிப்போம்' என்று காட்டுவார்கள். வில் எங்கே கனக்க வேண்டும், எங்கே அவசரப்பட வேண்டும் என்பதெல்லாம் கை வழியாகக் கைக்குப் போனது.

பல்கார்சே 2011இல் காலமானார். கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் கேட்பதற்கே ஆள் இருந்திருக்காது. இன்று அந்த ஊரில் நாம் கேட்கும் இளம் குழுக்களில் அந்தப் பள்ளியில் உட்கார்ந்து வாசித்தவர்கள் பலர்.

இன்னொரு வழியும் இருந்தது. ஃபெர்னாண்டஸ் ஃபியெரோவின் ஆரம்பகாலப் பியானோ கலைஞர் ஹூலியான் பெரால்தா பிறகு அஸ்தியேரோ என்ற ஆறு பேர் குழுவைத் தொடங்கினார். டாங்கோ குழு எப்படி வேலை செய்கிறது, அடியை எப்படிப் போடுவது, மெட்டை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று ஒரு பாடப்புத்தகமே எழுதினார். தன் குழுவின் சூத்திரத்தை மறைத்து வைக்காமல் அடுத்தவனுக்கு எடுத்துக் கொடுத்தார். எனக்கு அந்த ஊர்க் கலைஞர்களிடம் மிகப் பிடித்த குணம் அது.

ஆகவே ஐயா, வாரம் ஏழு நாள் வாசித்து வந்த நெருக்கம் இவர்களிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அறுந்த நூலைத் தேடி எடுத்துக் கட்டியவர்களின் தவிப்பு இருக்கிறது. அது 1940களில் யாருக்கும் தேவைப்படாத ஒன்று.

---

ஆடுகால்:

நான் ஆடுகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

மிலோங்காக்களில், அதாவது டாங்கோ ஆடும் இரவுக்கூடங்களில், பெரும்பாலும் ஒலிப்பதிவுதான். டிஜே ஒரே குழுவின் மூன்று நான்கு பாடல்களைச் சேர்த்து ஒரு தாந்தாவாகப் போடுவார். நடுவில் வேறு ஏதோ இசையின் ஒரு துண்டு வரும், அதுதான் கொர்த்தினா. அது கேட்டதும் எல்லோரும் ஜோடியைப் பிரிந்து நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். அடுத்த தாந்தாவுக்குக் கூடத்தின் மறுமுனையிலிருந்து கண்ணாலேயே கேட்பார்கள், தலையசைத்தால் சம்மதம். இந்த ஒழுங்கு முழுவதும் 1935–55 ஒலிப்பதிவுகளை வைத்துக் கட்டப்பட்டது. ஆடுகிறவர்களுக்கு அந்தப் பாட்டுகள் மனப்பாடம். எந்த இடத்தில் நிற்கும், எங்கே பந்தோனியோன் வேகமெடுக்கும் என்று உடம்புக்கே தெரியும்.

அதனால்தான் நேரடிக் குழு வந்தால் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்குச் சந்தேகம். வேகம் மாறும், நிறுத்தங்கள் எதிர்பாராத இடத்தில் வரும். நானும் அப்படி நினைத்தவர்களோடுதான் சான் தெல்மோவில் பெரூ தெருவில் இருக்கும் பியூனஸ் அயர்ஸ் கிளப்புக்குப் போனேன். மால்தீதா மிலோங்கா அப்போது அங்கேதான் நடந்தது. மாடியில் பழைய மரத்தரை. எல் அஃப்ரோந்தே என்ற குழு வாசித்தது. நள்ளிரவைத் தாண்டித்தான் மேடையேறினார்கள்.

இதுதான் வித்தியாசம்: மரத்தரையில் டபுள் பேஸின் அடி பாதம் வழியாக ஏறியது. நாலுதந்தி சொன்ன அரஸ்த்ரே வரும்போது என் காலை எடுத்து வைக்க வேண்டிய நேரம் தானாக நீண்டது. ஒலிப்பதிவுக்கு ஆடும்போது இசையை நான் பின்தொடர்கிறேன். இங்கே நாங்கள் ஆடுவதைப் பார்த்து பியானோக்காரர் நிறுத்தத்தைக் கொஞ்சம் நீட்டினார், கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் நின்றது. சிலர் ஆடாமல் மேடைக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் அவர்களை விரட்டவில்லை.

ஃபியெரோ கிளப்பில் ஆட முடியாது, அது உட்கார்ந்து கேட்கும் இடம். ஆடியே தீர வேண்டும் என்றால் ரொமாந்திகா மிலோங்கேரா, சொலோ டாங்கோ போன்ற குழுக்களைத் தேடுங்கள். இரண்டாவது குழு ரஷ்யாவிலிருந்து வந்தது. தி சார்லியை அவர்கள் வாசித்து நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவு வழவழப்பு.

---

இரவுப்பறவை:

எல்லாம் படித்தேன், அருமை. நான் ஆகஸ்டில் போகிறேன். சில நடைமுறைக் கேள்விகள்.

ஹோட்டலில் விசாரித்தால் சாப்பாட்டோடு சேர்ந்த டாங்கோ ஷோவுக்குத்தான் அனுப்புவார்களாமே, போகலாமா? ராத்திரி தனியாகப் போய் வருவது எப்படி? ஸ்பானிஷ் தெரியாது, சமாளிக்க முடியுமா? அப்புறம் ஃபியெரோவும் எல் அஃப்ரோந்தேயும் இரண்டுமே புதன்கிழமை என்று தோன்றுகிறதே?

---

தெற்குக்காற்று:

ஆமாம், நான் போனபோது இரண்டும் புதன்தான். ஃபியெரோ முதலில் முடிந்துவிடும், அஃப்ரோந்தே நள்ளிரவுக்கு மேல்தான். இரண்டையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம், நடுவில் ஒரு டாக்சி. ஆனால் கிழமையும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். போகிற வாரம் அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாட்டு ஷோவுக்கு நானும் போனேன். வாத்தியக்காரர்கள் திறமையானவர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அவர்கள் நடனத்துக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு இரவு அங்கே செலவாகும் காசில் சின்ன கிளப்புகளுக்குப் பல இரவுகள் போகலாம். சில இடங்களில் டிக்கெட்டே கிடையாது, கடைசியில் தொப்பியைச் சுற்றுக்கு விடுவார்கள். தாராளமாகப் போடுங்கள், பன்னிரண்டு பேர் பங்கு போட வேண்டும்.

ஃபியெரோ கிளப்புக்கு மெட்ரோவில் பி தடத்தில் கார்லோஸ் கார்தெல் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். பஸ், மெட்ரோ இரண்டுக்கும் சூபே என்ற பயண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது மெட்ரோ இருக்காது, வண்டி பிடியுங்கள். ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தால் ஒன்பதே முக்காலுக்கு ஆரம்பிப்பார்கள், அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மொழி ஒரு தடையே இல்லை. 'பந்தோனியோன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பக்கத்து மேசைக்காரர் உங்களுக்கு ஊர்க்கதை முழுவதும் கையாலேயே சொல்லிவிடுவார்.

ஆகஸ்ட் நல்ல மாதம். நகராட்சியின் டாங்கோ திருவிழாவும் உலகப் போட்டியும் அப்போதுதான் நடக்கும். இலவசக் கச்சேரிகள் நிறைய. கூட்டம் போட்டி நடனத்தைப் பார்க்கப் போகும், நீங்கள் இசைக்குழு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். அங்கே அப்போது குளிர்காலம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

செய்ன்நதிக்கரை:

வணக்கம். நான் பாரிசில் வசிக்கிறேன், யாழ்ப்பாணத்துக்காரன். நீங்கள் எல்லோரும் பியூனஸ் அயர்ஸ் பற்றியே கதைக்கிறீர்கள், பாரிசையும் சேர்க்க வேண்டும்.

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி வந்தபோது இங்கே தப்பி வந்த கலைஞர்கள் நிறைய. ஹுவான் ஹொசே மொசலினி என்ற பந்தோனியோன் கலைஞர் 1977இல் வந்தார், 2022இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். பாரிசை ஒட்டிய ஜென்வில்லியே இசைப்பள்ளியில் பல ஆண்டுகள் பந்தோனியோன் வகுப்பு எடுத்தார். ஐரோப்பாவில் இன்றைக்கு அந்த வாத்தியத்தை வாசிக்கிற பலர் அவரிடம் படித்தவர்கள். 1981இல் நகர நடுவில் டாங்கோவுக்கென்றே ஒரு சிறிய கிளப் திறந்தார்கள், அகதியாக வந்தவர்கள் அங்கே சேர்ந்து வாசித்தார்கள். நாடு விட்டு வந்தவன் தன் இசையை எடுத்து வந்து வேற்று ஊரில் ஆள் பழக்குவது எப்படியென்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பின்னேரங்களில் மிருதங்க வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற எங்களுக்கு மொசலினியின் வகுப்பறை மிகவும் பழக்கமான இடம்.

நெதர்லாந்தில் ரொட்டர்டாம் இசைக் கல்லூரியிலும் டாங்கோவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆகவே ஐரோப்பாவில் இருக்கிற உறவுகள் அர்ஜென்டினா போக முடியவில்லையென்று கவலைப்பட வேண்டாம். ஃபெர்னாண்டஸ் ஃபியெரோ போன்ற குழுக்களும் சுற்றுப்பயணமாக இந்தப் பக்கம் வருகிறார்கள்.

இன்னொன்று. பந்தோனியோனே ஜெர்மனிக்காரர்களுடைய வாத்தியம். 19ஆம் நூற்றாண்டில் கிரேஃபெல்ட் நகரத்தில் ஹைன்ரிக் பாண்ட் என்பவர் விற்றதால்தான் அந்தப் பெயர். டாங்கோக்காரர்கள் கும்பிடும் 'இரட்டை ஏ' முத்திரைப் பெட்டிகள் சாக்சனியில் கார்ல்ஸ்ஃபெல்ட் என்ற சின்ன ஊரில் ஆல்ஃபிரட் ஆர்னால்டு தொழிற்சாலையில் செய்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது கிழக்கு ஜெர்மனி அரசின் கைக்குப் போனது, பழைய தரத்தில் பெட்டிகள் வருவது நின்றுபோனது. இப்போது மேடையில் நீங்கள் பார்க்கிற நல்ல பெட்டிகள் பெரும்பாலும் 1920கள், 30களில் செய்தவை. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டே போனதால் 2009இல் அர்ஜென்டினா அவற்றைக் காப்பாற்றச் சட்டம் போட்டது.

---

நாலுதந்தி:

நதிக்கரை அண்ணா சொன்னதோடு ஒன்று. அந்தப் பெட்டியில் 71 பொத்தான்கள், வலதில் 38, இடதில் 33. துருத்தியை விரிக்கும்போது ஒரு பொத்தான் ஒரு சுரம் தரும், மூடும்போது அதே பொத்தான் வேறு சுரம் தரும். எனவே வாசிக்கிறவர் நான்கு வரைபடங்களை மனதில் வைத்திருக்க வேண்டும். பொத்தான்கள் வரிசையிலும் இல்லை, சுரங்கள் சிதறிக் கிடக்கும். எங்கள் குழுவில் பந்தோனியோன் வாசிப்பவர் இரண்டு வருடம் கழித்துத்தான் ஒரு முழுப் பாட்டை நிற்காமல் வாசித்தார். பெரும்பாலான கலைஞர்கள் விரிக்கும் திசையிலேயே வாசிப்பதும் இதனால்தான். தெற்குக்காற்று முதலில் எழுதிய அந்த 'ஹ்ஹ்' மூச்சு, அடுத்த வரிக்காகப் பெட்டியை அவசரமாக மூடும் ஓசை.

---

பழைய ரெக்கார்ட்:

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு நிதானமாக மறுபடி கேட்டேன். இந்த முறை நல்ல ஸ்பீக்கரில், ஸ்டூடியோ பதிவுகள். எல் அர்ராங்கே நன்றாக இருக்கிறது. வாத்தியங்களின் எடை, நிறுத்தம் எல்லாம் கச்சிதம். இவர்கள் பழையதைப் படித்தவர்கள் என்று உடனே தெரிகிறது.

ஆனால் என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டு. பொற்காலத்து டாங்கோவில் ஒமேரோ மான்சியும் திசெப்போலோவும் எழுதிய வரிகள் இருந்தன. பேட்டை மறைவதையும் கையில் காசில்லாதவனின் நியாயத்தையும் எழுதினார்கள், மான்சியின் பல வரிகளுக்கு த்ரொய்லோ மெட்டமைத்தார். ஊரில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இன்றைய குழுக்கள் பழைய பாட்டைப் புது அடியில் வாசிக்கின்றன, அல்லது வாத்திய இசையாகப் புதிது செய்கின்றன. நூறு வருஷம் கழித்து முணுமுணுக்க ஒரு புதுப் பாட்டைக் காட்டுங்கள், நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

---

தெற்குக்காற்று:

நியாயமான கேள்வி ஐயா, இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன்.

புதுப் பாட்டு எழுதுகிறார்கள். ஃபியெரோ மேடையில் நான் கேட்டதில் பல இந்தத் தலைமுறைக்காரர்கள் எழுதியவை. வேலை போனது, வாடகை, நகரம், காவல்துறை. முன்வரிசையில் இருந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். ஆனால் மான்சி காலத்தில் அந்தப் பாட்டை ஊருக்குள் கொண்டுபோக வானொலி இருந்தது. இன்று அந்த ஊர் வானொலியிலும் பெரும்பாலும் பழைய டாங்கோதான். மிலோங்காவில் டிஜேயும் போட மாட்டார். பாட்டு பிறந்தாலும் அது போய்ச் சேர வழியில்லை. கலைஞர்களைவிடக் கேட்பவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம், நம்மையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாத்திய இசையில் தியேகோ ஷிசியின் ஐவர் குழுவைக் கேளுங்கள். 2010இல் வந்த 'தோங்கோஸ்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அடி எங்கே விழும் என்று ஊகிக்கவே முடியாது, ஆனால் அரஸ்த்ரே வந்ததும் இது டாங்கோ என்று காது ஒப்புக்கொள்ளும். பியானோ கலைஞர் சோனியா பொசெத்தியின் ஐவர் குழுவையும் விட்டுவிடாதீர்கள். வேகமான பகுதிகளில்கூட மெட்டைக் கைவிடாதவர், உங்களுக்குப் பிடிக்கும். பாட்டே வேண்டும் என்றால் கித்தார் குழுவான 34 புஞ்ஞலாதாஸ். 1998இல் தொடங்கினார்கள், கார்தெல் காலத்துக் கித்தார் பக்கவாத்தியத்தை எடுத்து இருட்டாக்கியிருக்கிறார்கள்.

1955இல் பியாசோலா எட்டுப் பேர் குழுவில் எலக்ட்ரிக் கித்தாரைச் சேர்த்தபோது இது டாங்கோவே இல்லை என்று ஊரே சண்டைக்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் டாங்கோ என்றால் அவர் பெயர். ஷிசியும் அப்படி ஆவார் என்று நான் சோதிடம் சொல்லவில்லை. அவர் வாசிக்கும்போதே கேட்டுவிடலாமே என்கிறேன். த்ரொய்லோவை நேரில் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லை, இவர்களைக் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது.

---

பழைய ரெக்கார்ட்:

பொசெத்தி கேட்டேன். நல்ல இசை. மெட்டு இருக்கிறது.

பாட்டு விஷயத்தில் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் வானொலி பற்றி நீங்கள் சொன்னது யோசிக்க வைத்தது. புதிய பாட்டு வரிகளில் ஒன்றிரண்டை யாராவது தமிழில் பொருள் சொல்லி இங்கே போட முடியுமா? ஸ்பானிஷ் தெரியாதவன் வரிகளைக் குறை சொல்வது சரியில்லை.

---

செய்ன்நதிக்கரை:

அதை நான் செய்கிறேன் ஐயா. என் மகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிக்கிறாள், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பொருள் எழுதித் தனி இழையாகப் போடுகிறோம். எந்தக் குழுவின் பாட்டுகள் வேண்டும் என்று சொல்லுங்கள்.

---

ஆடுகால்:

ஃபியெரோ பாட்டுகளில் தொடங்குங்கள். நிறைய இருக்கின்றன, வரிகளும் இணையத்தில் கிடைக்கும்.

---

இரவுப்பறவை:

டிக்கெட் போட்டாயிற்று! ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இறங்குகிறேன், நடுவில் ஒரு புதன் வருகிறது. கடைசியாக ஒரு கேள்வி: ஃபியெரோ கிளப்பில் எங்கே உட்கார வேண்டும்? அப்புறம் அங்கிருந்து வேறு யாருக்கும் ஏதாவது வாங்கி வர வேண்டுமா?

---

தெற்குக்காற்று:

கதவு திறக்கும் நேரத்துக்கே போய் முன்வரிசை மேசையின் ஓரத்தைப் பிடியுங்கள், நடுவில் வேண்டாம். நடுவில் ஸ்பீக்கர் ஒலிதான் அதிகம் வரும், ஓரத்தில் பெட்டியின் ஓசை நேரே வரும். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலருகே மேசை போட்டு இசைத்தட்டுகள் விற்பார்கள், வாசித்தவர்களே வந்து நிற்பார்கள். எனக்கு அவர்களுடைய கடைசித் தொகுப்பு ஒன்று வாங்கி வாருங்கள், பணம் இப்போதே அனுப்பிவிடுகிறேன். ரெக்கார்ட் ஐயாவுக்கும் ஒன்று, அது என் செலவு.

---

நாலுதந்தி:

எனக்கு இசைத்தாள் கிடைக்குமா பாருங்கள். கொரியெந்தஸ் அவென்யூவில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். பெரால்தாவின் பாடப்புத்தகம் அங்கே கிடைத்தால் இரண்டு பிரதி.